ஐந்தாம் தேதிக்குள் வராத பணம்

வேலை போன வீட்டில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் தேதிகள் கறாரானவை. ஐந்தாம் தேதி வாடகை, ஏழாம் தேதி வண்டித் தவணை, செவ்வாய்தோறும் குழுக் கடன், ஜூன் பிறந்தால் பள்ளிக் கட்டணம். இன்னொன்றில் தேதியே கிடையாது. நோட்டீஸ் சம்பளம் ‘ஹெச்.ஆரில் கேட்டிருக்கிறோம்’, பணிக்கொடை ‘செட்டில்மென்ட்டோடு வரும்’, பி.எஃப். ‘பரிசீலனையில் இருக்கிறது’. திடீர் வேலையிழப்பைப் பற்றி நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுவது பெரும்பாலும் சிக்கனம் பற்றியது, அல்லது தன்னம்பிக்கை பற்றியது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் சம்பளக்காரக் குடும்பம் ஒன்று வேலை போன சில மாதங்களுக்குள் கடன் குழியில் விழுவதற்குக் காரணம், பல வீடுகளில், பணமே இல்லாதது அல்ல. அதற்குச் சேர வேண்டிய பணம் வரும் நாளும், அது கொடுக்க வேண்டிய பணத்தின் நாளும் பொருந்தாமல் போவதுதான். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவே: வேலையிழப்பைச் சமாளிப்பது என்பது முதல் தொண்ணூறு நாட்களை விலைக்கு வாங்குவது. அந்த நாட்களை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் ஒரு குடும்பம் எழுகிறதா விழுகிறதா என்பது இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேலை போவது ஒரே மாதிரி நடப்பதில்லை. கேட் மூடப்படுவது ஒரு வகை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பை வெளியிட்டு, அடுத்த ஆண்டு ஜூலையோடு உற்பத்தியை முடித்துக்கொண்டது. இந்த வகையில் கொஞ்சமாவது முன்னறிவிப்பு இருக்கும், செய்தியாளர்கள் வருவார்கள், சங்கம் இருந்தால் பேரம் நடக்கும். ஃபோர்டு தொழிலாளர்கள் சட்டம் விதித்ததைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பேசி வாங்கினார்கள். இரண்டாவது வகையில் சத்தமே இருக்காது. குளிரூட்டிய அறைக்குள் அழைத்து, நாற்காலி போட்டு, ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் நல்லபடியாகத் தருகிறோம்’ என்பார்கள். டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது தகவல் தொழில்நுட்பத் துறை முழுவதும் பேசப்பட்டது இந்தக் காகிதத்தைப் பற்றித்தான். மூன்றாவது வகையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியபோது திருப்பூர் அதிகம் அஞ்சியது இதற்குத்தான். அங்கே வேலை போவதற்குக் கடிதம் தேவையில்லை. ‘ஆர்டர் இல்ல, வந்தா கூப்பிடறோம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, மறுநாளும் இல்லை. என்றைக்கு வேலை போனது என்று அவராலேயே தேதி சொல்ல முடியாது. தேதி சொல்ல முடியாத வேலையிழப்புக்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு கேட்பது கடினம்.

முதல் வகையைச் சேர்ந்த ஒருவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 20,000 ரூபாய் சம்பளம், அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 15,000, ஆறு ஆண்டு முழுச் சேவை, சம்பளம் இதே அளவில் இருந்ததாகவே கொள்வோம். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் 20,000. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் வீதம் இழப்பீடு சுமார் 60,000. பணிக்கொடை, மாதத்துக்கு 26 நாள் என்ற வகுத்தலில், ஏறத்தாழ 52,000. பி.எஃப்.பில் தொழிலாளியின் 12 விழுக்காடும், முதலாளி தரும் 12இல் ஓய்வூதியத்துக்குப் போனது போக மீதி 3.67 விழுக்காடும் சேர்ந்து, வட்டியைச் சேர்க்காமலே 1,69,000. சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் திட்டத்தில் தொண்ணூறு நாளுக்குப் பாதிச் சம்பளம், அதாவது 30,000. கூட்டினால் 3,30,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏறக்குறைய பதினாறு மாதச் சம்பளம். கையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் உண்மையில் மூன்று லட்சத்துக்குச் சொந்தக்காரர். ஆனால் இதில் ஒரு ரூபாய்கூட வரும் ஐந்தாம் தேதி வாடகைக்கு உதவும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பணிக்கொடைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு முப்பது நாள். இ.எஸ்.ஐ. உதவியைக் கேட்கவே முப்பது நாள் கழிய வேண்டும். பி.எஃப். விண்ணப்பம், நிறுவனம் வேலையை விட்ட தேதியைப் பதிவுசெய்யாவிட்டால் அங்கேயே நிற்கும். பெயரில் ஓர் இனிஷியல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா, அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்ற வேறுபாட்டிலேயே திரும்பி வந்த விண்ணப்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். குடும்பப் பெயர் கேட்கும் கட்டங்களில் இனிஷியலை எழுதிப் பழகிய சமூகத்துக்கு வந்து வாய்த்த தனிச் சோதனை அது.

இந்தக் கணக்கில் ஒரு பெரும் பங்கை ஒரே கையெழுத்தில் இழக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ராஜினாமாக் கடிதம் கையொப்பமாகிவிட்டால், அது ஆட்குறைப்பு ஆகாது. நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் கேள்விக்குறியாகும். இ.எஸ்.ஐ.யில் 2005 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் ஆலை மூடலிலும் ஆட்குறைப்பிலும் வேலை இழந்தவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பாதியும் அடுத்த பன்னிரண்டு மாதம் கால் பங்கும் தருகிறது. நம் தொழிலாளர்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளில் இதுவே பெரியது. இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர். தானாக விலகியவருக்கு அதுவும் இல்லை. ‘கெட்ட பெயரோடு வெளியே போகவேண்டாமே’ என்ற அச்சத்தில் எழுதப்படும் நான்கு வரிக் கடிதத்தின் விலை இது.

பணம் வரும்வரை குடும்பம் சும்மா இருப்பதில்லை. இடைவெளியை யாராவது நிரப்புகிறார்கள். தண்டல்காரர் பத்தாயிரம் எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாகக் கையில் இருக்கும் கடன் பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மூணு வட்டி என்பது 36 விழுக்காடு. பத்து வட்டி 120. கைப்பேசிச் செயலிக் கடன்களில் சிலவற்றுக்குக் கணக்கே போட முடியாது. 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டமும், மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் வந்த சட்டமும் இருக்கின்றன. ஆனால் புகார் கொடுப்பவர் கடனும் வாங்கியிருப்பவர், அடுத்த மாதமும் அந்த வட்டிக்காரரிடமே போய் நிற்க வேண்டியவர். இங்கேதான் மூன்று லட்சம் உரிமையுள்ளவர் முப்பதாயிரம் கடனில் மூழ்குகிறார். வரவேண்டிய பணம் நான்காம் மாதம் வந்து சேரும்போது அதில் ஒரு பங்கு வட்டிக்குப் போய்விட்டிருக்கும்.

கடன் வாங்கும் வரிசையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். நம் வீடுகளில் அந்த வரிசையைத் தீர்மானிப்பது வட்டி விகிதம் அல்ல, யாருக்குத் தெரியும் என்பது. யாருக்கும் தெரியாமல் கிடைக்கும் செயலிக் கடன் முதலில். தெருமுனைத் தண்டல் அடுத்து. மச்சானிடமும் சித்தப்பாவிடமும் கேட்பது கடைசியில். வங்கியில் நகைக் கடன் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்கும்போதும், மனைவியின் கழுத்து வெறிச்சென்றிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்பார்களே என்று நகையைத் தொடாமல் பத்து வட்டிக்கு வாங்குபவர்கள் உண்டு. வேலை போனதை வீட்டிலேயே சொல்லாமல், காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி மாலை வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவது தமிழ் சினிமாவில் மட்டும் நடப்பதல்ல. மறைப்பதற்குச் செலவாகும் அந்த மூன்று வாரம்தான் பெரிய இழப்பு. நகையை முதலில் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும், கடைசியில் அல்ல. வீட்டுக்காரரிடம் இருக்கும் அட்வான்ஸும் அப்படித்தான். மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நடப்பில் அதைவிடக் கூடுதலாகத்தான் பலர் கொடுத்திருக்கிறார்கள். ‘இரண்டு மாதத்துக்கு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது கெஞ்சல் ஆகாது. வட்டியில்லாமல் வேறொருவரிடம் கிடக்கும் தன் பணத்தைக் கேட்பது அது.

இதையெல்லாம் ஏன் மனிதர்கள் நிதானமாக யோசிப்பதில்லை என்ற கேள்விக்கு ஒரு விடை நம் மண்ணிலேயே தேடப்பட்டிருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள் செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர் முதலிய ஆய்வாளர்கள். 2013இல் வெளியான முடிவு: அதே மனிதர், கரும்புப் பணம் வருவதற்கு முன் கைநெருக்கடியில் இருக்கும்போது, பணம் வந்த பின் செய்ததைவிட மோசமாகச் செய்கிறார். புள்ளிவிவர முறையை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனாலும், நெருக்கடி வந்தவர் ‘புத்தி கெட்டு’ முடிவெடுப்பதாகச் சொல்வதற்கும், நெருக்கடியே புத்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. அதற்கும் எண்பது ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஆலைக் கிராமத்தை மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஆராய்ந்தார்கள். நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையற்றிருந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள்; அடிக்கடி நின்று நின்று, மெதுவாக. பெண்கள் அப்படி நடக்கவில்லை. அவர்களுக்கு வீட்டு வேலை போகவில்லை. அடுப்பும் துணியும் குழந்தையும் அப்படியேதான் இருந்தன. இங்கே அதோடு குழுக் கடன் புத்தகமும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

ஆறு மாதச் செலவை அவசர நிதியாகச் சேர்த்து வைத்திருந்தால் இத்தனை பாடு ஏது என்பது வழக்கமான மறுப்பு. நிதி ஆலோசனைப் பத்திகள் எல்லாவற்றிலும் இருக்கும் வரி. மாதம் 20,000 ரூபாயில் ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்த முடிந்தவருக்கும் ஆறு மாதச் செலவைச் சேர்க்க எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு காதுகுத்தாவது ஒரு மருத்துவமனைச் செலவாவது வராமல் இருக்க வேண்டும். உண்மையில் இந்தத் தொழிலாளி சேமிக்காதவர் அல்ல, பி.எஃப்.பிலும் பணிக்கொடையிலும் நகையிலும் சீட்டிலும் அட்வான்ஸிலும் சேமித்திருக்கிறார். எல்லாமே அவசரத்துக்குக் கை நீட்டினால் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. சேமிப்புப் பழக்கத்தைப் பற்றிய உபதேசத்தைவிட, இருக்கும் சேமிப்பின் கதவைத் திறப்பது அவசரம்.

பி.எஃப். முதுமைக்கானது, அதில் கை வைக்கலாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நியாயமானதும்கூட. ஆனால் ஒப்பிட வேண்டியது எதனோடு? 8.25 விழுக்காடு வட்டி ஈட்டும் பணத்தைத் தொடாமல் 36 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கினால் முதுமைக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. அரசே இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. வேலை போய் இரண்டு மாதம் கழித்தே பி.எஃப். எடுக்கலாம் என்றிருந்தது, 2018இல் ஒரு மாதத்திலேயே முக்கால் பங்கை எடுக்கலாம் என்றானது, 2025 அக்டோபரில் பி.எஃப். வாரியம், முக்கால் பங்கை உடனே தரவும் மீதியைப் பன்னிரண்டு மாதம் கழித்துத் தரவும் முடிவெடுத்தது. கால் பங்கை ஓராண்டு பூட்டி, முக்கால் பங்கை இன்றைக்கென்று விடுவது சரியான பங்கீடு என்றே தோன்றுகிறது. இ.எஸ்.ஐ.யிலும் இதே கதை. அடல் திட்டம் 2018இல் தொடங்கியபோது கால் பங்குச் சம்பளம், அதுவும் தொண்ணூறு நாள் காத்திருந்த பிறகு. கொரோனா வந்த 2020இல் அது பாதிச் சம்பளமாகவும் முப்பது நாளாகவும் ஆனது. பொதுமுடக்கம் ஒரு நாட்டையே ஒரே இரவில் வேலையற்றதாக்கியபோதுதான் காத்திருப்பு என்பது என்னவென்று கோப்புகளுக்குப் புரிந்தது. அப்படியிருந்தும் அது அவ்வப்போது நீட்டிக்கப்படும் தற்காலிகத் திட்டமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

உட்கார வைத்துக் காசு கொடுத்தால் வேலை தேட மாட்டார்கள் என்று அடுத்து சொல்வார்கள். உதவித்தொகை கிடைக்கும் நாடுகளில் வேலையற்றோர் சற்று அதிக நாள் தேடுகிறார்கள் என்பது மெய்யே. ஏன் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி 2008இல் அமெரிக்கத் தரவுகளைப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கூடுதல் நாட்களில் சுமார் 60 விழுக்காடு, கையில் பணப்புழக்கம் இருப்பதால் வருவது, சோம்பலால் அல்ல. ஆஸ்திரியாவின் பழைய முறையில் மூன்று ஆண்டு வேலை செய்தவருக்கு இரண்டு மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைத்தது. மறுநாளே வேலை கிடைத்தாலும் அந்தப் பணம் போகவில்லை. அப்படியிருந்தும் அதைப் பெற்றவர்கள் கொஞ்சம் நிதானமாகத்தான் அடுத்த வேலைக்குப் போனார்கள் என்கிறது அங்கே நடந்த ஓர் ஆய்வு. அப்படிக் காத்திருந்ததால் கூடுதல் சம்பளம் கிடைத்ததா என்றால், அந்த ஆய்வு ஆமென்று சொல்லவில்லை. அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் நிதானத்துக்குச் சோம்பல் என்று பெயரிட முடியாது என்பது உறுதி. இங்கே அந்தப் பயத்துக்கே இடமில்லை. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது நம் வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை. அதையும் பெற, பதிவுசெய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். இது வேலை இழந்தவருக்கான திட்டமே அல்ல. 200 ரூபாயில் சோம்பேறியாக வாழ்வது எப்படி என்று எழுதினால் அதுவும் ஓர் ஆய்வுக் கட்டுரை ஆகும்.

சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும், ஒருவருக்கு மட்டும் வேலை போனால். ஆலை மூடினால் அக்கா வீட்டுக்காரருக்கும் அதே ஆலை, பக்கத்து அறைத் தோழருக்கும் அதே ஆலை. நோக்கியா நின்ற பிறகு அதற்கு உதிரிப் பொருள் செய்துவந்தவையும் அதே வளாகத்தில் அடுத்தடுத்துத் தடுமாறின. எல்லோரும் ஒரே வாரத்தில் கடன் கேட்கும் ஊரில் கடன் கொடுப்பவர் வெளியாள்தான். சொந்தத்தைவிட நம்பகமானது, சொல்லப்போனால், ரேஷன் கடை. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி, சென்னையில் ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகம், அரசுப் பள்ளியில் காலை உணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. இலவசம் என்று ஏளனம் செய்யப்படும் இவையெல்லாம் சேர்ந்தால், வேலை போன வீட்டில் பட்டினி தாமதமாகும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு பல மாநிலங்களைவிடக் கெட்டியான தரையைப் போட்டிருக்கிறது. இதோடு யாரும் சொல்லித்தராத ஒன்றும் உண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு மருத்துவ உரிமை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன மறுநாளே மருந்தட்டை செத்துவிட்டதாக நினைத்துத் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு நேரம் பேசியது காகிதம் உள்ளவரைப் பற்றி. நாட்டில் மாதச் சம்பளம் வாங்குவோரிலேயே பாதிக்கு மேற்பட்டோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர், பயிற்சியாளர் என்ற பெயரில் இயந்திரம் ஓட்டியவர், திருப்பூரின் பீஸ் ரேட் தையல்காரர், வடமாநிலத்திலிருந்து வந்து கட்டடத்திலேயே தங்கியவர் ஆகியோருக்கு என் நாட்காட்டி வாதம் அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. வரவேண்டியது என்று ஒன்று இருந்தால்தானே தாமதம் பற்றிப் பேச முடியும். அங்கும் ஒரு கைப்பிடி உண்டு: ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பது 1970 முதலே சட்டம். ஆனால் உண்மையான விடை அதுவல்ல. காகிதம் இருக்கிறதோ இல்லையோ, வேலை போன எவருக்கும் தொண்ணூறு நாளுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, பத்து நாளுக்குள், கேள்வியில்லாமல் வருவதே விடை. செலவாகும்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் தொழிலாளியின் பதினைந்து நாள் சம்பளத்தை ஒரு நிதியில் கட்ட வேண்டும், அது நாற்பத்தைந்து நாளுக்குள் அவர் கணக்குக்குப் போக வேண்டும் என்கிறது. பணம் யாரிடமிருந்து வரலாம் என்பதற்கு வழி காட்டிவிட்டார்கள். நாற்பத்தைந்தைப் பத்தாக்க வேண்டும், பதினைந்தைத் தொண்ணூறாக்க வேண்டும். அதே நாளில் வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, நீக்கப்பட்டவருக்கும் ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இரண்டு நாள் என்று எழுத முடிந்த கையால் மற்றவற்றுக்கும் எழுத முடியும்.

வேலையில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். கணக்கைத் திறந்து, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அங்கே உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள், இனிஷியல் உட்பட. வங்கிக் கணக்கு எண்ணையும் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். கேட் திறந்திருக்கும்போது அது எளிது.